குரலை நகலெடுக்கக் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சென்னையில் 9 ஆண்டுகளாக டப்பிங் பேசுகிறவர். ஒரு நிறுவனம் 20 மணி நேரம் வாசித்துப் பதிவு செய்து தரச் சொல்கிறது, மொத்தமாக ஒரு தொகை தருகிறது. ஒப்பந்தத்தில் "இன்று இருக்கிற, இனி வரப்போகிற எல்லாத் தொழில்நுட்பங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று ஒரு வரி. கையெழுத்துப் போடலாமா, என் குரல் சட்டப்படி எனக்குச் சொந்தமா என்று இரண்டு கேள்விகள்.

முதல் கேள்விக்குப் பதில்: அந்த வரி இருக்கும்வரை போடாதீர்கள். பணத்தேவை இருந்தாலும் இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. பாடகர்களுக்கும் டப்பிங் பேசுகிறவர்களுக்கும் கூத்துக் கலைஞர்களுக்கும் ஒப்பந்தம் படித்துக் கொடுப்பது வக்கீலாக என் வேலையில் பெரும்பகுதி. கடந்த சில வருடங்களாக வருகிறவர்களில் பலர் கேட்பது இதைத்தான்.

குரல் அதன் சொந்தக்காரருக்கே உரியது என்று நேராகச் சொல்லும் சட்டப்பிரிவு இந்தியாவில் கிடையாது. நம்மிடம் இருப்பது 1957 காப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்). அதில் 38, 38ஏ, 38பி ஆகிய பிரிவுகள் நிகழ்த்துநர் உரிமையைப் பற்றிப் பேசுகின்றன. பின்னிரண்டும் 2012 திருத்தத்தில் வந்தவை. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக் கலைஞர் தொடங்கி கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை நிகழ்த்துநர் பட்டியலில் உண்டு, நிகழ்ச்சி நடத்துகிற வேறு யாரும் அதில் வரலாம். ஸ்டூடியோவில் மைக் முன்னால் நின்று பேசுவதும் நேரடி நிகழ்த்துதல்தான் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2006-இல் நேஹா பாசின் வழக்கில் சொல்லிவிட்டது. ஆக, நீங்களும் நிகழ்த்துநர். உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். இதுவரை நல்ல செய்தி.

ஆனால் அந்த உரிமை நீங்கள் பேசிய பேச்சின் மேல்தான், பேசுகிற குரலின் மேல் இல்லை. நேற்று டப்பிங்கில் நீங்கள் பேசிய வசனத்தை யாராவது எடுத்து விளம்பரத்தில் போட்டால் அது உங்கள் நிகழ்த்துதல், தடுக்கலாம். உங்கள் குரலைக் கற்றுக்கொண்ட மென்பொருள், நீங்கள் வாழ்நாளில் பேசாத ஒரு வாக்கியத்தை உங்கள் குரலில் பேசினால்? அதை நீங்கள் நிகழ்த்தவில்லையே. 1957-இலும் சரி, 2012-இலும் சரி, சட்டம் எழுதியவர்கள் இப்படி ஒன்றை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்றைக்கு வருகிற சிக்கல்களில் பாதி இந்த ஓட்டை வழியாகத்தான் வருகிறது.

ஒரு பிடி மட்டும் இருக்கிறது. குரலைக் கற்றுக்கொள்ள மென்பொருளுக்கு உங்கள் பழைய பதிவுகள் வேண்டும். அவற்றைக் கணினியில் ஏற்றிச் சேமிப்பதே உங்கள் அனுமதி தேவைப்படும் செயல் என்று 38ஏ-வை வைத்து வாதிடலாம், மின்னணு முறையில் சேமிப்பது என்ற சொற்களே அந்தப் பிரிவில் உள்ளன. இந்த வாதத்தை நான் நம்புகிறேன். ஆனால் நீங்கள் காட்டிய அந்த ஒரு வரியில் கையெழுத்திட்டுவிட்டால் வாதத்துக்கே இடமில்லை, நீங்களே அனுமதி கொடுத்துவிட்டீர்கள்.

அப்புறம், ஆளுமை உரிமை என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்: தன் பெயர், உருவம், குரல் போன்றவற்றை அனுமதி இல்லாமல் மற்றவர் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமை. ஒரு இந்திப் படம் தன் பெயரையும் பாணியையும் பயன்படுத்துவதை எதிர்த்து ரஜினிகாந்த் 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். 2023-இல் அனில் கபூர் டெல்லியில் வாங்கிய உத்தரவு அவருடைய பெயர், உருவம், குரல் எல்லாவற்றையும் ஏஐ மூலம் பயன்படுத்துவதைத் தடுத்தது. 2024 ஜூலையில் அரிஜித் சிங் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது: யாருடைய குரலையும் ஒரு பிரபலத்தின் குரலாக மாற்றித் தரும் கருவியை அவருடைய அனுமதி இல்லாமல் கிடைக்கச் செய்வதே அவருடைய உரிமையை மீறுவது என்றது. 2025-இல் ஆஷா போஸ்லேவுக்கும் அதே நீதிமன்றம் பாதுகாப்புக் கொடுத்தது.

இந்தப் பெயர்களைக் கவனியுங்கள். எல்லாரும் பெரியவர்கள். "இது இன்னார்" என்று மக்கள் அடையாளம் காண வேண்டும் என்பதே இந்த உத்தரவுகளின் அடித்தளம். டப்பிங் பேசுகிறவருக்கு இது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் குரலை லட்சம் வீடுகளில் இரவு 8 மணிக்குக் கேட்கிறார்கள், அடுப்படியில் நின்றுகொண்டே அது யார் குரல் என்று சொல்லிவிடுவார்கள், ஆனால் அவர்கள் சொல்லும் பெயர் அந்த சீரியல் நாயகியின் பெயராக இருக்கும். குரல் ஊருக்கே தெரியும், குரலுக்கு உரியவரை யாருக்கும் தெரியாது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து முதலில் கேட்பது, "இவரை யாருக்குத் தெரியும்?" என்பதுதான்.

அதற்குப் பதில் சொல்ல நான் பிடித்துக்கொள்வது தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு பழைய வழக்கை. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பாக 1994-இல் உச்ச நீதிமன்றம் ஆர். ராஜகோபால் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிடலாம் என்று அனுமதித்த அதே தீர்ப்பு, ஒருவருடைய பெயரையோ சாயலையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்கோ வேறெதற்கோ பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்றும் சொன்னது. பிரபலமாக இருந்தால்தான் இந்த உரிமை என்று அதில் நிபந்தனை இல்லை. சாயல் என்ற சொல்லுக்குள் குரலும் அடங்கும் என்று நான் வாதிடுவேன். ஆனால் இன்றைய தேதியில் அது வாதம்தான், தீர்ந்துபோன விஷயம் என்று உங்களை நம்பவைக்க மாட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு அம்மா வந்தார். சீரியல்களில் மாமியாருக்கும் பாட்டிக்கும் பேசுகிறவர், வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கைப்பேசியில் ஒரு மூட்டுவலித் தைல விளம்பரத்தைப் போட்டுக் காட்டினார். அவர் குரலேதான். "நான் இதைப் பேசவே இல்லை சார்" என்றார். நான் இரண்டு தடவை கேட்டும் வித்தியாசம் பிடிபடவில்லை. அவர்தான் காட்டினார்: நீளமான வாக்கியத்தில் பாதியில் லேசாக மூச்சு வாங்குவார், இளைப்பு இருக்கிறதாம், அந்த மூச்சு அப்படியே இருந்தது. ஆனால் விளம்பரத்தில் அது ஒவ்வொரு முறையும் ஒரே அளவில், ஒரே நீளத்தில் வந்தது. "எனக்கு முடியாதபோது வர்ற மூச்சையும் எடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். சில வருடங்களுக்கு முன் பள்ளிப் பாடங்களை வாசித்துக் கொடுத்த ஒரு வேலையின் வவுச்சரைத் தேடி எடுத்தோம். ரூபாயும் தேதியும் கையெழுத்தும், கீழே பொடி எழுத்தில் "அனைத்து உரிமைகளும் நிறுவனத்துக்கே" என்று ஒரு வரியும் இருந்தன. அந்தப் பதிவிலிருந்துதான் குரல் போனதா என்று எங்களால் நிரூபிக்க முடியவில்லை. புகார் கொடுத்து விளம்பரத்தை எடுக்க வைத்தோம், அவ்வளவுதான் முடிந்தது. அவருக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

பழைய வவுச்சர்களும் என்ஓசிகளும் (ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்த கடிதங்களும்) எல்லாரிடமும் இருக்கும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். காப்புரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் 2012-இல் ஒரு நிபந்தனை சேர்த்தார்கள். ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஒரு பயன்படுத்தும் முறைக்கு, அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தால் ஒழிய, அந்த உரிமை மாற்றம் செல்லாது. 39ஏ பிரிவு வழியாக இது நிகழ்த்துநர்களுக்கும் பொருந்தும். அதனால் 2015-இல் "அனைத்து உரிமைகளும்" என்று கையெழுத்துப் போட்டவர், குரல் நகலுக்கு அது செல்லாது என்று தைரியமாகச் சொல்லலாம். அதேபோல எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு, எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் ஒப்பந்தத்தை எழுதியவர் இதையெல்லாம் படித்தவர். "இனி வரப்போகிற தொழில்நுட்பம்", "உலகம் முழுவதும்", "நிரந்தரமாக" என்ற மூன்று சொற்களும் இந்த மூன்று கதவுகளையும் ஒவ்வொன்றாக அடைப்பதற்கு வைத்தவை.

சினிமாவில் நிலைமை வேறு. படத்தில் இடம்பெற எழுத்தில் சம்மதித்துவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது தயாரிப்பாளர் அந்த நிகழ்த்துதலைப் பயன்படுத்துவதை நீங்கள் எதிர்க்க முடியாது, வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி கேட்கலாம். பாடகர்களுக்கு அதை வசூலிக்க 2013-இல் பதிவான சங்கம் இருக்கிறது. டப்பிங் பேசுகிறவர்களுக்கு அப்படி வசூலித்துக் கையில் கொடுக்கும் ஏற்பாடு எதையும் நான் பார்த்ததில்லை.

தயாரிப்பாளருக்கு உரிமை போனபிறகும் கலைஞரிடம் மிஞ்சுவது 38பி தரும் தார்மீக உரிமை: பெயர் போடச் சொல்லலாம், நற்பெயருக்குக் கேடு வரும்படி சிதைத்தால் தடுக்கலாம். இதன் எல்லை எங்கே என்பதை 2025 ஆகஸ்டில் எல்லாரும் பார்த்தோம். 2013-இல் வந்த ராஞ்சனாவின் தமிழ் வடிவமான அம்பிகாபதியை, ஏஐ மூலம் முடிவை மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். மூலத்தில் இறந்துபோகும் நாயகன் இதில் பிழைத்துக் கண் திறக்கிறான். 12 ஆண்டுகளுக்கு முன் தான் ஒப்புக்கொண்ட படம் இது இல்லை என்று தனுஷ் அறிக்கை விட்டார், இயக்குநர் ஆனந்த் எல். ராயும் எதிர்த்தார். உரிமை தங்களிடம் இருக்கிறது என்றது படத்தைத் தயாரித்த நிறுவனம். சட்டக் கேள்வி நிஜமாகவே கடினம். சாகிற பாத்திரத்தைப் பிழைக்க வைத்தால் நடிகரின் நற்பெயருக்குக் கேடா? "இல்லை, சுபமாகத்தானே முடித்தோம்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். என் கருத்து வேறு. சாவை நடித்தவர் அந்தச் சாவை நோக்கித்தான் முந்தைய இரண்டு மணி நேரத்தையும் நடித்திருப்பார். கடைசி நிமிடத்தை மாற்றினால் முன்னால் உள்ள ஒவ்வொரு காட்சியும் பொய்யாகிறது. எடிட்டிங்கில் வெட்டுவதை 38பி அனுமதிக்கிறது, நடிக்காத ஒன்றை அவர் முகத்தில் வரைவதை அனுமதிப்பதாக எனக்குத் தெரியவில்லை.

துணை நடிகர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை. நிகழ்த்துநர் என்ற வரையறையிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: படத்தில் தற்செயலாகவோ உதிரியாகவோ வந்துபோகிற, தொழில் வழக்கப்படி டைட்டிலில் பெயர் வராத ஒருவர் நிகழ்த்துநராகக் கருதப்பட மாட்டார், சிதைப்பதைத் தடுக்கும் ஒரே ஒரு உரிமை மட்டும் அவருக்கு உண்டு. காலை 5 மணிக்கு வேனில் ஏறிப்போய் கல்யாணக் கூட்டத்தில் நின்றுவிட்டு பேட்டா வாங்கி வருகிறவருக்குச் சட்டம் கொடுத்திருப்பது இவ்வளவுதான். அவரை ஒருநாள் நிற்க வைத்து உடம்பையும் முகத்தையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டால், அடுத்த பத்துப் படத்துக் கூட்டத்திலும் அவர் இருப்பார், சம்பளம் ஒருநாளுக்கு.

இது கற்பனை இல்லை. 2023-இல் ஹாலிவுட் நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. முடிவில் வந்த ஒப்பந்தத்தில் டிஜிட்டல் நகல் எடுக்கச் சம்மதம் கட்டாயம், எதற்குப் பயன்படுத்தப்போகிறோம் என்பதைத் தெளிவாக விவரிக்க வேண்டும், முக்கிய நடிகர்களுக்கு அந்த நகல் செய்யும் வேலையை அவரே வந்து செய்திருந்தால் எத்தனை நாள் ஆகியிருக்குமோ அத்தனை நாள் சம்பளம் தர வேண்டும் என்று வாங்கினார்கள். அடுத்த வருடம் கலிஃபோர்னியா அதற்கு நெருக்கமாக ஒரு சட்டமே போட்டது. ஆள் நேரில் வந்து செய்யக்கூடிய வேலையை நகலை வைத்துச் செய்ய அனுமதிக்கும் ஷரத்து, பயன்பாட்டைக் குறிப்பாக விவரிக்காமலும், கலைஞருக்காக வக்கீலோ சங்கமோ பேசாமலும் எழுதப்பட்டிருந்தால் செல்லாது. டென்னசி மாநிலம் 2024 ஜூலை முதல் குரலைச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் பெயர் சொல்லியே சேர்த்துவிட்டது. நம் ஊரில் உங்களிடம் நீட்டப்பட்ட வரி கலிஃபோர்னியாவில் நிற்பதே கடினம். இங்கே கையெழுத்து விழுந்தால் அதை உடைக்க வருடக்கணக்கில் போராட வேண்டும்.

இறந்தவர்களின் குரல் பற்றியும் பலர் கேட்கிறார்கள். லால் சலாம் பாட்டில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ மூலம் கொண்டுவந்தபோது, குடும்பங்களிடம் அனுமதி வாங்கி உரிய சன்மானமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரஹ்மான் 2024 ஜனவரியில் அறிவித்தார். அதே காலத்தில் கீடா கோலா என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி.யின் குரலை அனுமதியில்லாமல் உருவாக்கியதாக எஸ்.பி. சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். முதலாவது செய்தது நாகரிகமான காரியம். ஆனால் அதைச் செய்யச் சட்டம் கட்டாயப்படுத்தியதா என்று கேட்டால் பதில் சங்கடமானது. ஒருவரின் அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடுகின்றன, வாரிசுக்கு வராது என்று 2021-இல் தீபா ஜெயக்குமார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சுஷாந்த் சிங் ராஜ்புத் தொடர்பான வழக்கில் டெல்லியும் 2023-இல் அப்படித்தான் சொன்னது. பழைய பதிவுகளின் மேல் 50 ஆண்டு உரிமை வாரிசுக்கு வரலாம், குரலுக்கு வராது. ஆகவே குடும்பத்திடம் கேட்பது இன்றைக்குக் கேட்கிறவரின் மனசாட்சியை நம்பித்தான் இருக்கிறது.

குடும்பம் சரி என்றால் எல்லாம் சரியா என்பதும் எனக்குத் தீராத கேள்வி. பாட்டுக்கு நகல் குரல் பெரும்பாலும் எப்படி வருகிறது தெரியுமா? உயிரோடிருக்கிற ஒருவர் முழுப்பாட்டையும் சங்கதியோடு பாடுகிறார், அவருடைய குரலின் நிறத்தை மட்டும் எடுத்துவிட்டு இறந்தவரின் நிறத்தைப் பூசுகிறார்கள். சட்டப்படி பார்த்தால் அந்தப் பாட்டின் நிகழ்த்துநர் அந்த டிராக் பாடகர்தான், பெயரும் ராயல்டியும் அவருக்குப் போக வேண்டும். டிராக் பாடி வாழ்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? வேறொரு உதாரணமும் உண்டு. ஸ்டார் வார்ஸ் படங்களின் வில்லன் டார்த் வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், அந்தக் குரலை ஏஐ தொடர உயிரோடிருக்கும்போதே சம்மதித்தார். 2025-இல் ஒரு வீடியோ கேமில் அந்தக் குரல் வந்தபோது, அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்துப் பிழைக்கும் மற்றவர்களின் வேலை பேச்சுவார்த்தையே இல்லாமல் போகிறது என்று ஹாலிவுட் நடிகர் சங்கம் புகார் கொடுத்தது. நீங்கள் இன்று கொடுக்கும் 20 மணி நேரமும் அப்படித்தான், உங்கள் வேலையோடு, கூட்டக் காட்சிகளுக்குக் குரல் கொடுக்க வரும் பெண்களின் வேலையையும் அது எடுத்துக்கொள்ளும்.

சரி, உங்கள் ஒப்பந்தத்துக்கு வருவோம். அந்த வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பொருளுக்கு, எந்த மொழியில், எத்தனை மாதத்துக்கு என்று எழுதச் சொல்லுங்கள், இரண்டு வருடத்துக்கு மேல் போக வேண்டாம். வேறு நிறுவனத்துக்கு விற்கவோ கைமாற்றவோ கூடாது என்று தனி வரி வேண்டும், அந்த அம்மாவின் கதையில் நடந்திருக்கக்கூடியது அதுதான். அரசியல், மதம், மருந்து, கடன் செயலி, ஆபாசம் இவற்றுக்குக் குரல் போகக் கூடாது. மொத்தத் தொகையோடு பயன்பாட்டுக்கு ஏற்பத் தொடர்ந்து வரும் பங்கையும் கேளுங்கள், அவர்கள் அதிகம் இழுப்பது இங்கேதான். காலம் முடிந்ததும் பதிவுகளை மட்டும் அழித்தால் போதாது, அவற்றிலிருந்து உருவாக்கிய மாடலையும் (உங்கள் குரலைக் கற்றுக்கொண்ட மென்பொருளை) அழித்து எழுத்தில் உறுதி தர வேண்டும், ஏனென்றால் மாடல் இருந்தால் பதிவே தேவையில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றும் என்று சிலர் சொல்வார்கள். நீங்களே யூடியூபில் போட்ட பதிவுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

பதிவு செய்யும் ஒவ்வொரு நாளின் கோப்பையும் தேதியோடு உங்களிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் வேண்டும், மூலக்கோப்பு கையில் இருந்தால் அது சுலபம். போலிக் குரல் எங்காவது கண்ணில் பட்டால் முதலில் திரையைப் பதிவு செய்து முகவரியையும் சேமியுங்கள், அப்புறம் புகார் கொடுங்கள். பலர் கோபத்தில் உடனே புகார் கொடுத்து, வீடியோ காணாமல் போனபிறகு கையில் ஒன்றும் இல்லாமல் என்னிடம் வருகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். நீங்கள் வாசிக்கப்போகிற தாள்களைக் கையெழுத்துக்கு முன்பே காட்டச் சொல்லுங்கள். கதையோ பாடமோ ஒழுங்காகத் தொடர்ச்சியாக இருந்தால் அது வாசிப்பு வேலை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வாக்கியங்கள், ஒன்றிலிருந்து நூறு வரை எண்கள், ஊர்ப் பெயர்கள், அதே வரியைக் கோபமாக ஒருமுறை, அழுதுகொண்டே ஒருமுறை, சிரித்துக்கொண்டே ஒருமுறை என்று இருந்தால், ஒப்பந்தத்தில் என்ன தலைப்புப் போட்டிருந்தாலும் அது குரல் நகல் எடுக்கும் வேலை, அதற்கான விலையும் வேறு. தாள்களைப் பார்த்துவிட்டு எது என்று சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டு அந்தப் பத்தியை மட்டும் அனுப்பினால், என்ன மாற்றிக் கேட்க வேண்டும் என்று வரி வரியாக எழுதித் தருகிறேன்.